வலை வீசுவதும் சக்கரம் சுற்றுவதும் ஒன்றா?

கேள்வி



நாங்கள் களுவாஞ்சிகுடிப் பக்கம், ஆற்றோரத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் ஆற்றுத்தொழில். தோணியும் வீச்சு வலையும்தான் எங்கள் சீவியம். மூத்த மகனுக்குப் பதினைந்து வயது. அடுத்த வருடம் ஓ.எல். எழுத வேண்டும். கொரோனா நேரம் சூம் வகுப்புக்கென்று கஷ்டப்பட்டு ஒரு போன் வாங்கினோம். அதில் துவங்கியதுதான் இந்தத் துப்பாக்கிச் சண்டை கேம். இப்போது பாடசாலை விட்டு வந்தால் போன்தான். இரவு ஒரு மணிக்கும் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது.

விளையாடினால் விளையாடட்டும் என்றுதான் விட்டிருந்தேன். போன மாதம் அலுமாரியில் வைத்திருந்த சீட்டுக் காசில் 6,500 ரூபாய் குறைந்தது. கேட்டதற்கு மகன் முதலில் இல்லை என்றார். பிறகு அழுதுகொண்டு சொன்னார், கேமுக்குள் காசு மாதிரிப் பாவிக்கும் டயமண்ட் போட்டாராம். அங்கே ஒரு சக்கரம் இருக்கிறதாம். டயமண்ட் கொடுத்துச் சுற்றினால் உடுப்பு, துப்பாக்கிக்கு ஸ்கின், நடனம் என்று ஏதாவது விழுமாம். அவர் ஆசைப்பட்ட சாமான் விழவே இல்லை. "இன்னும் கொஞ்சம் சுற்றியிருந்தால் விழுந்திருக்கும் அம்மா, கிட்ட வந்துதான் நின்றது" என்கிறார். காசு போனதைவிட அந்தச் சொல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பா கோபத்தில் போனைத் தூக்கி அடிக்கப் போனார். அப்போது மகன் கேட்டார்: "நீங்களும் அப்படித்தானே அப்பா? ஒரு நாள் இறால் படும், ஒரு நாள் ஒன்றும் படாது. வெறுந்தோணியோடு வந்துவிட்டு மறுநாளும் போகிறீர்கள்தானே? உங்களை யாரும் ஏசுகிறார்களா?" அவர் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. "கேமில் நான் முன்னேறிக்கொண்டு வருகிறேன், பள்ளிக்கூடத்தில் என்ன முன்னேற்றம்?" என்றும் கேட்கிறார்.

இந்தியாவில் இதையெல்லாம் தடை செய்துவிட்டார்களாமே. நாங்கள் என்ன செய்வது? போனைப் பறிப்பதா, விடுவதா?

ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

மகன் அப்பாவிடம் கேட்டதை வாய்க்காட்டலாக எடுக்க வேண்டாம். அது மிக நல்ல கேள்வி. அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நீங்களும் அவருடைய அப்பாவும் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றப் பாதியை விளங்கப்படுத்தப் போனால் அவர் காது கொடுக்க மாட்டார்.

உண்மையான பாதி இதுதான். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பலன், தவறாமல் கிடைக்கும் பலனைவிட நம்மை அதிக நேரம் பிடித்து வைத்திருக்கும். அமெரிக்க உளவியலாளர் பி. எப். ஸ்கின்னர் இதைப் புறாக்களிடம் காட்டினார். கூண்டுக்குள் ஒரு பொத்தான். புறா அதைக் கொத்தினால் தானியம் விழும். கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்துப் பழகிய புறா, தானியத்தை நிறுத்தியதும் கொஞ்சம் கொத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடும். ஒரு தரம் மூன்றாவது கொத்துக்கு, இன்னொரு தரம் முப்பதாவது கொத்துக்கு என்று ஒழுங்கில்லாமல் கிடைத்துப் பழகிய புறா, தானியம் நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து 1957 இல் அவர் வெளியிட்ட பெரிய நூல் இத்தகைய பதிவுகளால் நிறைந்தது. சூதாட்ட இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் மனிதரிடமும் இதுவே நடக்கிறது என்று ஸ்கின்னரே எழுதியிருக்கிறார்.

பிற்காலத்தில் மூளைக்குள்ளேயே இதை அளந்தார்கள். 1990களில் சுவிட்சர்லாந்தில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளுக்குச் சொட்டுச் சொட்டாகப் பழச்சாறு கொடுத்து, டோபமின் சுரக்கும் நரம்புக் கலங்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு வந்தபோது அவை துடித்தன. ஒரு சைகைக்குப் பிறகு சாறு வரும் என்று குரங்கு பழகிக்கொண்டதும், சாறு வரும்போது துடிப்பு இல்லை. சைகையைக் கண்டதுமே துடிப்பு. 2003 இல் அவரும் கூட்டாளிகளும் இன்னொன்றைக் கண்டார்கள். சாறு வருவதும் வராததும் சரிபாதிச் சந்தேகமாக இருக்கும்போது, காத்திருக்கும் நேரம் முழுவதும் அந்தக் கலங்களின் வேகம் ஏறிக்கொண்டே போனது. சக்கரம் சுழலும் அந்தச் சில விநாடிகள் உங்கள் மகனை ஏன் அப்படி இழுக்கின்றன என்பதற்கான விடையின் பெரும்பகுதி இதில் இருக்கிறது. கையில் கிடைக்கும் சாமானைவிட, கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் பிடித்து வைக்கிறது.

உங்கள் வீட்டுக்காரருக்கும் இது தெரியும். இரண்டு மூன்று முறை வலை வெறுமையாக வந்த பிறகும் "இன்னொரு வீச்சு வீசிப் பார்ப்போம்" என்று கை எழும்புமே, அது இதே இழுவைதான். அந்த இழுவை இல்லாவிட்டால் உலகத்தில் ஒருவரும் மீன்பிடிக்கப் போயிருக்க மாட்டார்கள். அது நோயும் அல்ல, கெட்ட குணமும் அல்ல. இதை அப்பாவின் வாயாலேயே மகன் கேட்கட்டும்: "ஓம் மனே, எனக்கும் அப்படித்தான் இருக்கும்." சண்டையின் பாதி அங்கேயே தணிந்துவிடும்.

இனி மற்றப் பாதி.

ஆற்றைப் படிக்கலாம். நிலவு காலமா இருட்டுக் காலமா, மழைத் தண்ணீர் இறங்கி ஆறு கலங்கிக் கிடக்கிறதா, முகத்துவாரம் வெட்டி விட்டிருக்கிறதா மூடிக் கிடக்கிறதா, காற்று எந்தப் பக்கம், நீரின் உப்பு கூடியதா குறைந்ததா என்று எத்தனையோ விடயங்களைப் பார்த்துத்தான் அவர் இன்றைக்கு எந்த இடத்தில் வலை போடுவது என்று முடிவெடுக்கிறார். வலை வீசத் துவங்கிய வருடத்தில் அவருக்குத் தெரியாத எவ்வளவோ இன்று தெரியும். வெறும் வலையும் அவருக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது: இந்த இடத்தில், இந்த நேரத்தில் இல்லை என்று. அதிர்ஷ்டம் முழுவதும் ஒருநாளும் போகாது. ஆனாலும் அனுபவம் ஏற ஏற அதிர்ஷ்டத்தின் பங்கு சுருங்கும். பக்கத்துத் தோணிக்காரரைவிட அவருக்கு நன்றாகப் படுகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

சக்கரத்தைப் படிக்க முடியாது. நூறாவது தடவை சுற்றுகிற பிள்ளைக்கு முதல் தடவை சுற்றுகிற பிள்ளையைவிட அதைப் பற்றி ஒரு துளியும் கூடுதலாகத் தெரியாது. இரவு பன்னிரண்டு மணிக்குச் சுற்றினால் நல்லது, இன்ன இடத்தில் நின்றுகொண்டு சுற்றினால் விழும் என்றெல்லாம் பெடியன்கள் தங்களுக்குள் கதைப்பார்கள். ஸ்கின்னர் 1948 இல் இதையும் கவனித்து எழுதினார். புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த நேரத்துக்கு ஒரு முறை தானியம் விழும்படி வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு புறா வட்டமாகச் சுற்றத் துவங்கியது, இன்னொன்று தலையை ஆட்டத் துவங்கியது. தற்செயலாக எதைச் செய்துகொண்டிருந்தபோது தானியம் விழுந்ததோ, அதுதான் காரணம் என்று அவை பற்றிக்கொண்டுவிட்டன என்பது அவருடைய விளக்கம்.

"இன்னும் கொஞ்சம் சுற்றியிருந்தால் விழுந்திருக்கும்" என்றாரே, அதை அவரோடு உட்கார்ந்து கணக்காகவே போட்டுப் பாருங்கள். நிகழ்தகவு அவருடைய ஓ.எல். கணிதத்தில் இருக்கிறது. ஒரு சாமான் விழும் வாய்ப்பு 1 சதவீதம் என்று வையுங்கள். நூறு தடவை சுற்றினால் கட்டாயம் விழும் என்றுதான் அநேகமான பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரு சுற்றில் விழாமல் போகும் வாய்ப்பு 0.99. அந்த 0.99 ஐ நூறு தடவை பெருக்கினால் வருவது ஏறக்குறைய 0.37. அதாவது நூறு பிள்ளைகள் ஆளுக்கு நூறு தடவை சுற்றினால், 37 பேர் அளவில் வெறுங்கையோடு எழும்புவார்கள். இருநூறு தடவை சுற்றினாலும் 13 பேருக்கு விழாது. முன்னூறு தடவைக்குப் பிறகும் ஐந்து பேர் இருப்பார்கள், அந்த ஐந்து பேரும் "இப்போது விட்டால் இவ்வளவும் வீண்" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். விழாத சுற்றுகளை அந்தச் சக்கரம் நினைவில் வைத்திருப்பதில்லை. அடுத்த சுற்றிலும் அதே 1 சதவீதம்தான்.

சில கேம்களில் இத்தனை சுற்றுக்குள் கட்டாயம் தருவோம் என்று எழுதியிருப்பார்கள். உலகமெங்கும் விளையாடப்படும் கென்ஷின் இம்பாக்டில் உயர்ந்த வகைப் பாத்திரம் விழும் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், 90 ஆவது தடவைக்குள் உயர்ந்த வகையில் ஒன்று நிச்சயம். நிச்சயம் என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைக்கு நம்பிக்கை வரும். அந்த 90 சுற்றுக்கும் எவ்வளவு காசு என்று பெருக்கிப் பார்த்தால், அது பாதுகாப்பு அல்ல, உள்ளே வைத்த விலை என்பது தெரியும். வேறு சில கேம்களில் முதல் சுற்று மிக மலிவு. அடுத்தடுத்த சுற்றுக்கு விலை ஏறிக்கொண்டே போகும். மலிவாகத் துவங்கியவர் நடுவழியில் நிறுத்த மனமில்லாமல் கடைசி வரை போவார் என்று தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

"கிட்ட வந்துதான் நின்றது" என்ற சொல் உங்களைப் பயப்படுத்தியது சரி. என்னையும் அதுதான் அதிகம் உறுத்தியது. பிரித்தானியாவில் லூக் கிளார்க்கும் அவருடைய குழுவினரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. சூதாட்ட இயந்திரம் போன்ற ஒரு விளையாட்டைக் கொடுத்து, விளையாடுபவர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். மயிரிழையில் தவறிய தோல்வி அவர்களுக்குப் பிடிக்கவில்லை. முழுத் தோல்வியைவிட அது கசப்பாக இருந்தது. அப்படியிருந்தும் மறுபடி விளையாட வேண்டும் என்ற ஆசை கூடியது. மூளையில் வெற்றிக்கு விழிக்கும் பகுதிகள் அந்தத் தோல்விக்கும் விழித்தன. வலை வீசும் கைக்கு "கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்க வேண்டும்" என்பது பயனுள்ள செய்தி. சக்கரத்தில் "கிட்ட" என்று ஒன்று இல்லவே இல்லை. விரல் பட்டதும் முடிவைக் கணினி தீர்மானித்துவிடும். அதன் பிறகு சுழல்வது, மெதுவாவது, பெரிய பரிசைத் தொட்டுத் தாண்டுவது எல்லாம் கண்ணுக்காக வரைந்த படம். முடிவை உடனே காட்டியிருக்கலாம். காட்டாமல் ஏன் இழுத்தடிக்கிறார்கள் என்று மகனிடமே கேளுங்கள். அவருக்குப் பதில் சொல்லத் தெரியும்.

இன்னும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. உங்கள் வீட்டுக்காரர் நாளைக்கு வருவாரா மாட்டாரா என்று ஆறு கவலைப்படாது. இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால், "தொடர்ந்து ஏழு நாள் வந்தால்தான் இறால்" என்று அது சொல்லாது. அலுத்துப் போய்க் கரையேறும் நேரம் பார்த்து ஒரு மீனைத் துள்ள விடாது. கேமுக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். எந்த நேரத்தில் பிள்ளை உள்ளே வருகிறது, எந்தத் தோல்விக்குப் பிறகு வெளியே போகிறது, எந்த விலையில் வாங்குகிறது என்று ஒவ்வொரு தொடுகையையும் பதிவுசெய்து படிப்பது அவர்களின் தொழில். நாளாந்தப் பரிசு, நள்ளிரவோடு முடியும் ஒஃபர், ரூபாயை மறக்கடிக்கும் டயமண்ட் கணக்கு, எதையும் வாங்கப் போதாத அளவில் எப்போதும் மிஞ்சி நிற்கும் சில டயமண்ட் எல்லாமே யோசித்து வைத்தவை. பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவர் தனியாகப் போர்வைக்குள் இருந்துகொண்டு இத்தனை பேரின் படிப்போடு மோதுகிறார். அவர் தோற்றதற்கு அவருடைய மனத்திடத்தைக் குறை சொல்வது அநியாயம்.

காசு கொடுத்துப் பெற்ற சாமான் அவருடையதும் அல்ல. கேமில் சேரும்போது "ஒத்துக்கொள்கிறேன்" என்று தொட்ட நிபந்தனைகளில், உள்ளே கிடைக்கும் பொருட்கள் பாவிக்க மட்டும் அனுமதிக்கப்பட்டவை என்றுதான் எழுதியிருப்பார்கள். கேம் மூடினால், எக்கவுண்ட் பூட்டுப்பட்டால், எல்லாம் போகும். நண்டை விற்று அரிசி வாங்கலாம். சந்தியில் சைக்கிளில் வைத்து விற்கும் சுவீப் டிக்கெட்டுக்கூட இதைவிடத் தெளிவானது: வாங்குபவருக்குத் தான் வாங்குவது அதிர்ஷ்டச் சீட்டு என்று தெரியும், விலை ரூபாயில் அச்சிட்டிருக்கும், வாங்கியதற்காக ஒருவரும் அவருக்கு லெவல் ஏற்றிவிடுவதில்லை.

அந்த லெவல்தான் மகனின் இரண்டாவது கேள்வி. பள்ளிக்கூடத்தில் என்ன முன்னேற்றம் என்று கேட்டிருக்கிறார். இதில் அவரோடு எனக்கு மிகுந்த அனுதாபம் உண்டு.

கேமில் அவர் கற்றவை சில உண்மையானவை. குறி பார்ப்பது, வரைபடத்தை நினைவில் வைப்பது, நான்கு பேர் ஒரு குழுவாகப் பேசி இயங்குவது எல்லாம் திறமைதான். அதை ஒருநாளும் இளக்காரமாகப் பேச வேண்டாம். ஆனால் அந்தத் திறமையும், திரையில் நிரம்பும் கோடும் வேறு வேறு. கோடு நேரத்துக்கு நிரம்புகிறது, திறமைக்கு அல்ல. தொடக்கத்தில் சில நிமிடத்துக்கு ஒரு லெவல் ஏறும். போகப் போக ஒரு லெவலுக்கு நாட்கணக்கு. ஆரம்ப ஆட்டங்களில் கணினியே இயக்கும் பொம்மை வீரர்களைக் கலந்துவிடுவதும் இத்தகைய கேம்களில் வழக்கம். புதியவருக்கு வெற்றி சுலபமாக வரும், தான் பிறவிக் கெட்டிக்காரர் என்று தோன்றும். இரண்டு மூன்று மாதத்தில் சீசன் முடியும், ராங்க் கீழே இறக்கப்படும், மறுபடி ஏற வேண்டும். அப்பாவின் இத்தனை வருட அனுபவத்தை யாராவது சீசன் முடிந்தது என்று சொல்லி அழித்துவிட முடியுமா என்று மகன் யோசிக்கட்டும்.

நிரம்பும் கோட்டுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஜோசப் நூனெஸ், சேவியர் ட்ரெஸ் என்ற இருவர் 2006 இல் வெளியிட்டது. கார் கழுவும் இடமொன்றில் வாடிக்கையாளர்களுக்கு அட்டை கொடுத்தார்கள். ஒரு பகுதியினரின் அட்டையில் எட்டு முத்திரை சேர்த்தால் ஒரு தடவை இலவசம். மற்றவர்களுக்குப் பத்து முத்திரை வேண்டும். ஆனால் இரண்டை முதலிலேயே குத்திக் கொடுத்தார்கள். இரு பகுதியினருக்கும் மீதி எட்டுத்தான். முதல் பகுதியில் 19 சதவீதம் பேர் அட்டையை நிரப்பினார்கள். இரண்டு முத்திரை 'முன்னே போனவர்கள்' 34 சதவீதம் பேர் நிரப்பினார்கள். வெறும் இரண்டு முத்திரைக்கே வளர்ந்தவர்களிடம் இவ்வளவு. கேமில் முதல் நாளே பாதி நிரம்பிய கோடுகள் பத்துப் பன்னிரண்டு பிள்ளையின் கண்முன் நிற்கும்.

பாடசாலை இந்தப் பிள்ளைக்கு என்ன காட்டுகிறது? தவணைக்கு ஒரு தடவை ஒரு புள்ளி, வகுப்பில் இத்தனையாம் பிள்ளை என்று ஓர் இலக்கம். நடுவில் மூன்று நான்கு மாதம் அவர் வளர்ந்தாரா தேய்ந்தாரா என்று ஒருவரும் சொல்வதில்லை. இந்தப் பசியைத்தான் கேம் தீர்க்கிறது. ஆகவே படிப்பிலும் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியட்டும். கடந்தகால வினாத்தாள்களில் கணிதத்தின் முதல் பகுதியை மட்டும் நேரம் வைத்துச் செய்து, பெற்ற புள்ளியைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வரட்டும். அதற்குப் பரிசு ஒன்றும் கொடுக்க வேண்டாம். ஏறினாலும் இறங்கினாலும் அது அவருடைய உண்மையான கோடு, அதை யாரும் சீசன் முடிந்தது என்று அழிக்க முடியாது.

இந்தியத் தடை பற்றிக் கேட்டீர்கள். 2020 செப்டெம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளையும், 2022 பெப்ரவரியில் பிரீ ஃபயர் உட்பட 54 செயலிகளையும் இந்திய அரசு தடை செய்தது. சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் தகவல்கள் வெளியே போவதும். பிள்ளைகளின் மனம் அல்ல. பப்ஜி 2021 ஜூலையில் வேறு பெயரில் அங்கே திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் நீதியரசர் சந்துரு குழு 2022 இல் ஆராய்ந்தது ரம்மி போன்ற காசு வைத்து ஆடும் ஒன்லைன் ஆட்டங்களை. 2025 இல் அங்கே அத்தகைய ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஓய்வு விதித்தார்கள். நல்ல விதிதான். ஆனாலும் உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு அது மருந்தாகாது.

சக்கரத்தையும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டியையும் நேராகத் தொட்ட நாடுகள் வேறு. கேம்கள் வாய்ப்பு வீதத்தை வெளியிட வேண்டும் என்று 2017 மே முதல் சீனா விதித்தது. 2018 இல் பெல்ஜியம், காசு கொடுத்து வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டி சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று தீர்மானித்தது. பெரிய நிறுவனங்கள் அந்த நாட்டில் அவற்றை விற்பதை நிறுத்தின. தென்கொரியாவில் வாய்ப்பு வீதத்தை மறைப்பது 2024 மார்ச் முதல் சட்டவிரோதம். மேலே சொன்ன கென்ஷின் இம்பாக்டின் நிறுவனம், 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 2 கோடி டொலருக்கு உடன்பட்டு வழக்கைத் தீர்த்தது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் சம்மதமின்றி அதிர்ஷ்டப் பெட்டி விற்க அங்கே அதற்கு அனுமதி இல்லை. நிறுவனங்களால் இதைச் செய்ய முடியும், கட்டாயப்படுத்தினால் செய்கிறார்கள். பெல்ஜியத்துப் பிள்ளைக்குக் கொடுத்த பாதுகாப்பைக் களுவாஞ்சிகுடிப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும் என்று நமது பெற்றோர் சங்கங்களும் ஆசிரியர்களும் உரக்கக் கேட்க வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை.

போனை உடைக்க வேண்டாம், திடீரென்று பறிக்கவும் வேண்டாம். பறித்தால் கூட்டாளியின் போனில் தொடரும், உங்களிடம் பொய் சொல்லவும் பழகுவார். காசு விடயத்தில் மட்டும் இன்றே இறுக்கமாக இருங்கள். ப்ளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்து, அந்தச் சொல்லை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். டயமண்ட் போட்டுத் தருவதாகச் சொல்லி எக்கவுண்ட் கடவுச்சொல்லைக் கேட்பவர்களிடம் போகவே கூடாது என்று சொல்லுங்கள், இருப்பதும் போய்விடும். 6,500 ரூபாயை அவர் சிறுகச் சிறுகத் திருப்பித் தரட்டும். வலை பொத்த, தோணி இழுக்க உதவினால் அப்பா ஒரு தொகையைக் கழிக்கலாம். அவமானப்படுத்தாமல், உறவினர் காதுக்குக் கொண்டுபோகாமல் செய்யுங்கள்.

நேரத்தை மணிக்கணக்கில் வெட்டாதீர்கள். "எட்டரைக்கு நிறுத்து" என்றால் ஆட்டத்தின் நடுவில் அறுக்க வேண்டி வரும், குழுவில் மற்ற மூன்று பேரும் ஏசுவார்கள், சண்டை வரும். "இன்றைக்கு மூன்று மெட்ச்" என்று பேசிக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு போன் உங்கள் அறையில் இருக்கட்டும். வீட்டில் எல்லாருடைய போனும் அங்கே வந்தால் அவருக்கு அது தண்டனையாகத் தோன்றாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். தூக்கம் குறைந்த பிள்ளைக்கு மற்ற எந்தப் புத்திமதியும் ஏறாது.

ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விளையாடுவதைப் பாருங்கள். வாய்ப்பு வீதம் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று தேடிக் காட்டச் சொல்லுங்கள். அப்பிள் நிறுவனம் 2017 இறுதியிலிருந்து அதைக் கட்டாயமாக்கியது, கூகுளும் பின்னர் அதே விதியைக் கொண்டுவந்தது. ஆகவே எங்கேயோ சிறிய எழுத்தில் இருக்கும். கண்டுபிடித்ததும் கணக்கை அவரே போடட்டும்.

எப்போது வைத்தியரிடம் போவது? உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுப் பழக்கக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டு வந்துவிடுதல், கெடுதி தெரிந்தும் தொடர்தல் ஆகியவை வழக்கமாகப் பன்னிரண்டு மாத அளவு நீடித்தால்தான் அந்தப் பெயர். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மகன் அந்த இடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காசு எடுத்ததைச் சொல்லி அழுத பிள்ளை அவர். ஆனால் பாடசாலைக்குப் போக மறுத்தால், சாப்பாடு தூக்கம் குலைந்தால், மறுபடி காசு எடுத்தால், சாக வேண்டும் என்ற வார்த்தை வாயில் வந்தால் பன்னிரண்டு மாதம் பார்த்திருக்க வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

இன்னொன்று. இந்த சீசன் எத்தனையாம் திகதி முடிகிறது என்று மகனிடம் கேளுங்கள். அவருக்கு நன்றாகத் தெரியும். ராங்க் எப்படியும் இறங்கப் போகிற அந்த நாளில்தான் விடுவதற்கு இழப்பு மிகக் குறைவு. அது வரை பேசிக்கொண்டபடி விளையாடட்டும், ஆசைப்பட்ட ராங்கை எட்டட்டும். அடுத்த சீசனுக்குப் பாஸ் வாங்காமல், ஓ.எல். பரீட்சை முடியும் வரை நாளாந்தப் பரிசு வாங்கவும் உள்ளே போகாமல் இருக்க முடியுமா என்று அவரையே தீர்மானிக்க விடுங்கள். முடியாது என்றால் எவ்வளவு முடியும் என்று அவரே சொல்லட்டும். அவர் சொல்லும் அந்த அளவிலிருந்து துவங்குங்கள்.